புல்தரையை அகற்றி நம் மண்ணின் செடிகளை வைக்க: விதி என்ன, உதவி என்ன?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. கன்னியாகுமரி மாவட்டம் தோவாளை வட்டம் செண்பகராமன்புதூர் அருகே ஒரு மனைப்பிரிவில் எங்களுக்கு 14 சென்ட் மனை இருக்கிறது. நான்கு சென்ட்டில் வீடு, முன்புறம் சுமார் மூன்று சென்ட்டில் புல்தரை, மீதி வெறுமையாகக் கிடக்கிறது. பங்குனி பிறந்தால் ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் இறங்கிவிடுகிறது. லாரித் தண்ணீர் வாங்கிப் புல்லுக்கு விடுகிறோம். அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் நகரில் இருக்கும் என் மகள், அங்கே புல்லைப் பெயர்த்துவிட்டு வறட்சி தாங்கும் செடிகளை வைப்பவர்களுக்குத் தண்ணீர் வாரியமே பணம் கொடுக்கிறது என்கிறாள். நம் மாவட்டத்தில் அப்படி உதவியோ வரிச் சலுகையோ உண்டா? எல்லா வீட்டு முகப்பும் புல்லும் இன்டர்லாக் கல்லுமாக ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்று மனைப்பிரிவு நலச்சங்கத்தினர் சொல்கிறார்கள். அதற்குக் கட்டுப்பட வேண்டுமா? வேலியோரம் வைத்த கோனோகார்பஸ் மரங்களை என்ன செய்வது? மூலையில் நிற்கும் பனை புயலில் வீட்டின்மேல் சாய்ந்துவிடுமோ, வேர் அடித்தளத்தைப் பெயர்க்குமோ என்று பயமாக இருக்கிறது; அதை வெட்ட அனுமதி தேவையா? பக்கத்திலேயே 60 சென்ட் பூர்விக விளையும் (புன்செய் நிலம்) எங்களுக்கு உண்டு. எங்கே எதை நடலாம் என்றும் சொல்லுங்கள்.

பதில்: மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களுக்கு வணக்கம்.

முதல் கேள்விக்கான விடையை நேராகவே சொல்லிவிடுகிறேன். வீட்டுப் புல்தரையை அகற்றுவதற்காக ரொக்கம் தரும் திட்டம் தமிழ்நாட்டில் இல்லை. வறட்சி தாங்கும் தோட்டம் வைத்திருப்பதற்காகச் சொத்து வரியில் தள்ளுபடியும் கிடையாது. நம் மாநிலத்தில் மரம் நடுவதற்கும் நீர்ச் சிக்கனத்துக்கும் கிடைக்கும் அரசு உதவி, நிலம் ஆவணத்தில் எந்த வகையாகப் பதிவாகியிருக்கிறது என்பதைப் பொறுத்தே அமைகிறது. மனையாகப் பதிவான உங்கள் 14 சென்ட்டுக்குக் கிடைக்காத உதவிகள் பல, புன்செய்யாக இருக்கும் 60 சென்ட் விளைக்குக் கிடைக்கும். ஆகவே இரண்டையும் ஒரே கணக்கில் பார்க்காமல், விளைக்கு அரசு உதவியை நாடுவது, மனையில் தண்ணீர்ச் செலவைக் குறைப்பதையே ஆதாயமாகக் கொள்வது என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள் சொன்னது உண்மை. லாஸ் வேகாஸ் பகுதிக்குத் தண்ணீர் வழங்கும் தெற்கு நெவாடா நீர் ஆணையம், பெயர்க்கப்படும் புல்லுக்குச் சதுர அடிக் கணக்கில் பல ஆண்டுகளாகப் பணம் கொடுத்து வருகிறது. நெவாடா மாநிலம் 2021-இல் இயற்றிய சட்டத்தின்படி, அங்குள்ள வணிக வளாகங்களும் சாலையோரங்களும் வெறும் அலங்காரத்துக்காக வளர்க்கும் புல்லுக்கு 2027 தொடக்கம் முதல் கொலராடோ ஆற்று நீரைப் பாய்ச்சக் கூடாது. தனி வீடுகளை அந்தத் தடை கட்டுப்படுத்தவில்லை. ஆண்டு முழுவதும் சேர்த்து ஏறத்தாழ 100 மில்லிமீட்டர் மழை பெறும் பாலைவன நகரம் அது. 2021 நவம்பரில் நம் மாவட்டம் வெள்ளத்தில் மிதந்ததை நினைத்துப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் அடித்துப் பெய்யும் ஓரிரு நாள் மழையே இங்கு அந்த அளவைத் தொட்டுவிடக்கூடும். எனவே அங்குள்ள தோட்டத்தின் வடிவத்தை இங்கே அப்படியே பெயர்த்து வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வெள்ளைக் கூழாங்கல்லைப் பரப்பி, அடியில் பிளாஸ்டிக் விரித்து, நடுவில் நான்கு கள்ளிச் செடிகளை வைத்து அதை வறட்சித் தோட்டம் என்று சிலர் விற்கிறார்கள். அது பகலில் வெயிலை வாங்கி இரவெல்லாம் வீட்டுச் சுவருக்கு வெப்பத்தைத் தரும். மழையையும் மண்ணுக்குள் விடாது. லாஸ் வேகாஸிலேயே, செடிகள் முழுதும் வளர்ந்த பின் மாற்றியமைத்த இடத்தில் பாதியையாவது தழை மூட வேண்டும் என்பது பணம் பெறுவதற்கான நிபந்தனைகளுள் ஒன்று.

உங்கள் புல்தரைக்கு ஆகும் செலவை ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்போம். மூன்று சென்ட் என்பது ஏறத்தாழ 120 சதுர மீட்டர். கோடையில், அதுவும் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வீசும் உங்கள் பக்கத்தில், பச்சை மாறாமல் வைத்திருக்கச் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டராவது வேண்டும். அப்படியானால் நாளுக்கு 600 லிட்டர், மாதத்துக்கு 18,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரிக் கணக்கில் மாதம் ஒன்றரை லாரி. கீழே நான் சொல்லும் செடிகள் வேர் பிடித்த பிறகு, அதே இடத்துக்குக் கோடையில் நாளுக்குச் சராசரியாக 100 முதல் 150 லிட்டர் போதும் என்பது என் மதிப்பீடு. எந்த மானியமும் இல்லாமலேயே இந்த மாற்றம் உங்களுக்குக் கட்டுப்படியாகும்.

இனி விளைக்கு வருவோம். வேளாண்மைத் துறை 2021-22 முதல் நடத்தி வரும், விளைநிலங்களுக்கான நீடித்த பசுமைப் போர்வை இயக்கத்தின்கீழ் வரப்பிலோ நிலம் முழுவதுமோ நடுவதற்கு மரக்கன்றுகள் இலவசமாகக் கிடைக்கும். நட்ட கன்றுகள் பிழைத்து நின்றால், இரண்டாம் ஆண்டு முதல் கன்று ஒன்றுக்கு ஆண்டுக்கு 7 ரூபாய் வீதம் மூன்று ஆண்டுகளுக்கு 21 ரூபாய் பராமரிப்பு ஊக்கத்தொகையும் இத்திட்டத்தில் வகுக்கப்பட்டிருந்தது. இது அந்தந்த ஆண்டின் ஒதுக்கீட்டைப் பொறுத்தது என்பதால், நடுவதற்கு முன்பே உழவன் செயலியில் பதிவு செய்துவிட்டு வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். நட்டுவிட்டுப் போய்க் கேட்டால் பயனில்லை. பட்டியலில் தேக்கும் மகாகனியும் முன்னால் நிற்கும். உங்கள் காற்றுக்கும் நீருக்கும் அவற்றைவிட வேம்பு, புங்கம், நாவல், நெல்லி, மகிழம் ஆகியவையே ஏற்றவை. அவற்றையே கேட்டு வாங்குங்கள்.

விளைக்குச் சொட்டு நீர்ப் பாசனம் அமைக்கச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியமும் மற்ற விவசாயிகளுக்கு 75 சதவீத மானியமும் உண்டு. 60 சென்ட் மட்டுமே உங்கள் வேளாண் நிலம் என்றால் வட்டாட்சியரிடம் சிறு, குறு விவசாயி சான்று பெறலாம்; அதனுடன் சிட்டா, அடங்கல், புலப்படம், ஆதார் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு தோட்டக்கலைத் துறையை அணுகுங்கள். நீர் ஆதாரமும் காட்ட வேண்டும். அந்த விளையை மனையாக மாற்றிப் பதிந்துவிட்டால் இந்த உதவிகள் எதுவும் கிடைக்காது என்பதால், பிள்ளைகளுக்குள் பிரித்துக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் இதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

மனைக்குக் கிடைக்கக்கூடிய உதவி கன்றுகள்தான். 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்ட பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் காடு மற்றும் மரப் பரப்பை 23.7 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாக உயர்த்துவதைப் பத்தாண்டு இலக்காகக் கொண்டது. அதற்காக வனத்துறை நாற்றங்கால்களில் வளர்க்கப்படும் நாட்டு மரக்கன்றுகளைப் பொதுமக்களும் கேட்டுப் பெறலாம். நாகர்கோவிலில் உள்ள மாவட்ட வன அலுவலகத்தில் எந்த நாற்றங்காலில் என்ன கன்று இருக்கிறது என்று விசாரித்தால் சொல்வார்கள்.

விதிகளில் உங்களை நேரடியாகக் கட்டுப்படுத்துவது மழைநீர்ச் சேகரிப்பு. 2003-இல் தமிழக அரசு பழைய, புதிய கட்டடங்கள் அனைத்துக்கும் இதைக் கட்டாயமாக்கியது. 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும் அதை வலியுறுத்துகின்றன. அமைக்காத கட்டடத்தில் உள்ளாட்சி அமைப்பே அமைத்துவிட்டு, அந்தச் செலவைச் சொத்து வரியைப் போல வசூலிக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் அபராதத்துக்குப் பயந்து செய்ய வேண்டிய வேலையல்ல இது. உங்கள் மாடி 1,500 சதுர அடி என்று வைத்துக்கொண்டால், 50 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஒரு நாளில் அதன்மேல் ஏறத்தாழ 7,000 லிட்டர் விழுகிறது. சேதாரம் போக 5,500 லிட்டரையாவது பிடிக்கலாம். கழிவு மண்ணும் இலையும் கலந்த நீரை ஓடிக்கொண்டிருக்கும் ஆழ்துளைக் கிணற்றுக்குள் நேராக விடாதீர்கள். பக்கத்தில் ஜல்லியும் மணலும் நிரப்பிய உறிஞ்சுகுழி ஒன்றை எடுத்து அதில் விடுங்கள். குழி நிரம்பி வழியும் நீர் ஓடைக்குப் போகாமல், செடிப் பாத்திகளைச் சற்றுத் தாழ்வாக அமைத்து அங்கே திருப்புங்கள்.

இன்டர்லாக் கல்லைப் பற்றி நலச்சங்கம் சொல்வதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். முகப்பு முழுவதும் கல் பதித்தால், அங்கே விழும் மழை உங்கள் கிணற்றுக்குச் சேராமல் தெருவில் ஓடும். வண்டி நிற்கும் இடத்துக்கும் நடைபாதைக்கும் மட்டும் பதித்துக்கொண்டால் போதும். சங்கத்தின் அதிகாரத்தைப் பொறுத்தவரை, குறைந்த நீரில் வளரும் செடிகளைக் குடியிருப்புச் சங்கங்கள் தடை செய்யக் கூடாது என்று கலிஃபோர்னியாவில் தனிச் சட்டமே இருக்கிறது. இங்கே அப்படி ஒரு சட்டம் இல்லை; உங்கள் பட்டா மனைக்குள் புல்தான் வளர வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் அரசு விதியும் இல்லை. உங்கள் கிரயப் பத்திரத்தில் முகப்பைப் பற்றிய நிபந்தனை ஏதேனும் எழுதப்பட்டிருக்கிறதா என்று மட்டும் படித்துப் பாருங்கள். இல்லையென்றால், சங்கத்தின் தீர்மானத்தை அக்கம்பக்கத்தாரின் விருப்பமாக மதித்துப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். அதற்கு மேல் அதற்கு வலு இருக்கும் என்று நான் கருதவில்லை. இரண்டு எல்லைகளை மட்டும் மீறாதீர்கள். மதிலுக்கு வெளியே உள்ள சாலை ஊராட்சியினுடையது. அங்கே கேட்காமல் எதையும் நடக் கூடாது. உள்ளே கொசு உற்பத்தியாகும் அளவுக்குத் தண்ணீர் தேங்கினால், 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டப்படி நடவடிக்கை எடுக்க உள்ளாட்சிக்கு உரிமை உண்டு.

கோனோகார்பஸைத் தயங்காமல் அகற்றிவிடுங்கள். அதன் நடவையும் விற்பனையையும் தமிழ்நாடு அரசு 2025-ஆம் ஆண்டு தொடக்கத்தில் தடை செய்துவிட்டது. எந்த நாற்றுப் பண்ணையாவது வேலிக்கு ஏற்றது என்று இனியும் உங்களிடம் அதைத் தந்தால் வாங்க மறுத்துவிடுங்கள். அதன் வேர் தண்ணீர்க் குழாயையும் கழிவுநீர்க் குழாயையும் தேடிப் போய் உடைக்கும். மகரந்தம் சிலருக்கு மூச்சுத் தொல்லையைத் தருவதாகவும் புகார்கள் உள்ளன. வெட்டிவிட்டு அடிக்கட்டையை விட்டால் மறுபடியும் துளிர்க்கும் என்பதால் வேரோடு தோண்டி எடுக்க வேண்டும்.

பனையை வெட்டாதீர்கள் என்பது என் வேண்டுகோள். பனை நம் மாநில மரம். 2021-இல் தாக்கல் செய்யப்பட்ட வேளாண்மைக்கான முதல் தனி நிதிநிலை அறிக்கையிலேயே, தவிர்க்க முடியாமல் பனையை வெட்ட நேர்ந்தால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி பெற வேண்டும் என்று அரசு அறிவித்தது. உங்கள் சொந்த மனையில் நிற்பது என்பதால் அது தேவையில்லை என்று நினைக்க வேண்டாம். அதைவிட முக்கியமாக, உங்கள் அச்சத்துக்குக் காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 2017-இல் ஒக்கிப் புயல் வீசியபோது ரப்பரும் வாழையும் சாலையோர மரங்களும் வேரோடு சாய்ந்து கிடந்ததை நாம் பார்த்தோம். பனைக்கு ஆணிவேர் இல்லை. எண்ணற்ற சல்லிவேர்கள் அடர்ந்து இறங்கி மண்ணைக் கவ்விப் பிடித்திருப்பதால், அது அத்தனை எளிதில் சாயாது. அந்த வேர் அடித்தளத்தைப் பெயர்ப்பதும் இல்லை. காய்ந்த ஓலையும் மட்டையும் விழுவதே உண்மையான ஆபத்து. ஆண்டுக்கொருமுறை பனையேறத் தெரிந்தவரை அழைத்துக் கழித்துவிட்டால் அதுவும் தீரும். வறட்சி தாங்கும் தோட்டம் வேண்டும் என்று கேட்கும் நீங்கள், ஒரு சொட்டு நீரும் கேட்காமல் ஏற்கெனவே நிற்கும் மரத்தை இழக்கக் கூடாது.

மற்ற மரங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அரசு நிலத்திலும் பொது இடத்திலும் நிற்கும் மரத்தை வெட்ட, ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். உங்கள் விளை மலையடிவாரத்தை ஒட்டியதாக இருந்தால், 1949-ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டமோ 1955-ஆம் ஆண்டின் மலைப் பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டமோ அந்தப் புல எண்ணுக்குப் பொருந்துமா என்று வனச்சரக அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சந்தனத்தைப் பட்டா நிலத்தில் யாரும் வளர்க்கலாம். ஆனால் வெட்டுவதும் விற்பதும் வனத்துறை வழியாகவே நடக்க வேண்டும். திருட்டுப் பயமும் இருப்பதால் தனியாக இருக்கும் வீட்டுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

எதை நடுவது என்பதற்கு உங்கள் ஊரின் காற்றிலிருந்து தொடங்க வேண்டும். விளவங்கோடு, கல்குளம் பக்கம் வெற்றிலைக் கொடியும் மிளகும் செழிப்பதைப் பார்த்துவிட்டு அதே செடிகளைத் தோவாளையிலும் அகஸ்தீஸ்வரத்திலும் வைத்து ஏமாறுபவர்கள் பலர். வைகாசி முதல் ஆவணி வரை மேற்கிலிருந்து கணவாயை நோக்கி விரையும் காற்று, முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றுவதற்கு முன் உங்கள் தோட்டத்தின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டுதான் போகிறது. வெயிலைவிட இந்தக் காற்றுக்கே இலைகள் அதிகம் கருகும். எனவே முதல் வேலை மேற்கு எல்லையில் ஒரு காற்றுத் தடுப்பு. உயரமான மதில் இதற்கு ஆகாது. மதிலில் மோதிய காற்று மேலே எழும்பி உள்பக்கம் சுழன்று விழும். பாதிக் காற்றை வடிகட்டி விடும் உயிர்வேலியே நல்லது. அது தன் உயரத்தைப் போல் ஏறத்தாழ பத்து மடங்கு தூரம் வரை காற்றின் வேகத்தைத் தணிக்கும். வெளிவரிசையில் கிளுவைப் போத்துகளை (வெட்டிய கிளைகளை) நெருக்கமாக ஊன்றி, இடையே விராலியையும் நொச்சியையும் வையுங்கள். உள்வரிசையில் பத்தடிக்கு ஒன்றாகப் புங்கமும் பூவரசும் நிற்கட்டும். விளையின் மேற்கு எல்லைக்கு, குடைபோல் தட்டையாக விரியும் நம் தென்பகுதிக் குடைவேலும் பொருத்தமானது. முள் உண்டு என்பதால் வீட்டருகே வேண்டாம்.

பின்புறத்தின் வெற்றிடத்தில் வேம்பு ஒன்று, நாவல் ஒன்று, வில்வமோ விளாவோ ஒன்று என நான்கைந்து மரங்களுக்கு மேல் வேண்டாம். சுவரிலிருந்து 15 அடியாவது தள்ளி வையுங்கள். முருங்கை உங்கள் காற்றில் கிளை முறியும். வேலியின் மறைவில் வைத்துத் தாழ்வாகக் கழித்து வளர்த்தால் நிற்கும். வீட்டுக்கு முன்னால் ஆவாரை, வெட்சி, நந்தியாவட்டை, பவழமல்லி, ஆடாதோடை ஆகியவற்றைக் கூட்டம் கூட்டமாக வைத்தால், சங்கத்தினரும் குறை சொல்ல முடியாதபடி ஆண்டில் பெரும்பகுதி பூ இருக்கும். தோவாளைப் பூச்சந்தைக்குப் போகும் அரளியும் காற்றையும் வறட்சியையும் தாங்கக்கூடியதுதான். ஆனால் அதன் எல்லாப் பகுதியும் நஞ்சு என்பதால், சிறு குழந்தைகளும் ஆடு மாடும் வரும் வீட்டில் எட்டாத இடத்தில் மட்டும் வையுங்கள்.

பச்சைத் தரை கண்ணுக்கு வேண்டும் என்று நீங்கள் விரும்புவது புரிகிறது. மூன்று சென்ட்டில் ஒரு சென்ட்டுக்குப் பொடுதலையைப் படரவிடுங்கள். தரையோடு தரையாகப் படர்ந்து கணுவுக்குக் கணு வேர்விடும். வெட்டும் வேலை அநேகமாக இல்லை. கோடையில் வாரத்துக்கு ஓரிரு முறை நனைத்தால் பசுமை காக்கும். அதன் சிறு பூவுக்குத் தேனீ வரும் என்பதால் பேரப்பிள்ளைகள் வெறுங்காலில் ஓடும் இடத்தில் மட்டும் அருகம்புல்லை வையுங்கள். அருகு கோடையில் பழுத்துப் போகும். முதல் மழைக்குத் தானே பச்சை பிடிக்கும். அந்த இரண்டு மாதப் பழுப்பைப் பொறுத்துக்கொள்ளும் மனம் வேண்டும்.

நடவு செய்ய உங்கள் பக்கத்துக்கு ஐப்பசியே சரியான பருவம். ஆனி, ஆடியில் மேற்கு வட்டங்களில் நடுகிறார்களே என்று நீங்களும் நட்டால் காற்று இளங்கன்றை உலுக்கி வேர் பிடிக்க விடாது. எட்டடி உயரக் கன்றுகளை விலை கொடுத்து வாங்க வேண்டாம். இரண்டடிக் கன்று வேருக்கும் தண்டுக்கும் சமநிலையோடு விரைவில் நிலைகொள்ளும். பையின் அடியில் சுருண்டிருக்கும் வேரை நறுக்கிவிட்டு நடுங்கள். வறட்சி தாங்கும் செடி என்பதற்காக முதல் நாளிலிருந்தே தண்ணீர் வேண்டாம் என்று விட்டுவிடுபவர்களின் கன்றுகளே பெரும்பாலும் சாகின்றன. முதல் இரண்டு கோடைகளில் வாரத்துக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் ஆழமாக நனையும்படி நீர் விட வேண்டும்; அன்றாடம் மேலாகத் தெளித்தால் வேர் மேலேயே நின்றுவிடும். கன்றின் பக்கத்தில் மெருகேற்றாத மண்பானை ஒன்றைக் கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி மூடி வைப்பது மிக நல்ல முறை. தூரைச் சுற்றிக் கதம்பையை (தேங்காய் உரித்த மட்டையை) குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து அடுக்கினால் ஈரம் காக்கும், கொசுவுக்கும் இடமில்லை. பாம்பு வரும் என்ற பயம் இருந்தால், வீட்டுச் சுவரை ஒட்டி ஆறடி அகலத்துக்குச் சருகும் கதம்பையும் இல்லாமல் பெருக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது மண் பரிசோதனை. உங்களுக்கு அருகிலேயே திருப்பதிசாரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. மனையிலும் விளையிலும் தனித்தனியாக மாதிரி எடுத்துக் கொடுங்கள். வீடு கட்டியபோது கொட்டிய கிராவல் கலந்த முகப்பு மண்ணுக்கும் விளை மண்ணுக்கும் ஒரே உரப் பரிந்துரை பொருந்தாது. புல்லைப் பெயர்ப்பதைப் புரட்டாசி வரை தள்ளிவையுங்கள்; காற்று அடங்கும் முன் தரையைத் திறந்துபோட்டால் மேல்மண் புழுதியாகப் பறந்துவிடும்.